‘நி’க்கும் ‘றை’க்கும் நடுவில்

1988-ஆம் ஆண்டு கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கல்யாணம் செய்துகொண்ட எந்த இந்துப் பெண்ணின் வீடியோவைப் போட்டுப் பார்த்தாலும், ஐந்தாவது நிமிடத்தில் ‘திருநிறைச்செல்வி’ என்ற எழுத்து திரையின் வலது ஓரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து நடுவில் நிற்கும். மணப்பெண் வீட்டுக்கு மூத்தவளா, நடுப்பெண்ணா, கடைக்குட்டியா என்பதெல்லாம் அந்த எழுத்துக்குத் தெரியாது. அதைப் போட்ட சல்மாவுக்கும் தெரியாது.

சல்மாவுக்கு வயது இருபத்துமூன்று. அவளுடைய அத்தா மீரா சாகிபு கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மாடியில் அண்ணன் சேக் பரீதின் வீடியோ கடை. அண்ணன் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகக் கல்யாணம் பிடிக்கப் போவான். அதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, எழுத்துப் போட்டுக் கொடுப்பது சல்மாவின் வேலை. கோலாலம்பூரில் வாங்கிவந்த கம்ப்யூட்டர் ஒன்றும், அதிலிருந்து வரும் எழுத்தைப் படத்தோடு சேர்க்கிற பெட்டி ஒன்றும் அவள் மேசையில் இருந்தன. வட சிலாங்கூரில் வேறு யாரிடமும் இது இல்லை என்று சேக் பரீது ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அது உண்மையா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மலாயும் ஆங்கிலமும் தட்டினால் வரும். தமிழுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வோர் எழுத்தையும் சல்மா திரையில் கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பி வரையவேண்டும். வரைந்து முடித்தால் அது ஒரு படம். அந்தப் படத்துக்குப் பிறகு கட்டளை கொடுக்கவேண்டும்: எந்த வினாடியில் உள்ளே வரவேண்டும், எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எப்படிப் போகவேண்டும். மணப்பெண் பெயர் என்றால் எட்டு வினாடி நிற்கும். வாடகைக்குப் படக் கேசட் எடுக்க வருகிறவர்கள்கூட அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எழுத்து நகர்வதை வேடிக்கை பார்ப்பார்கள்.

‘திருநிறைச்செல்வி’யை வரைய இரண்டரை நாள் பிடித்தது. அதிலும் அந்த ‘றை’ அவள் உயிரை வாங்கிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு வரைந்ததை ஒரு கல்யாணத்தோடு விட்டுவிட மனம் வருமா? கம்ப்யூட்டர் வட்டில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு அடுத்தடுத்து வந்த எல்லாப் பெண்களுக்கும் அதையே போட்டாள். சில அழைப்பிதழ்களில் ‘திருவளர்ச்செல்வி’ என்று இருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. இரண்டும் ஒன்றுதான், அழகுக்குப் போடுவது, சேலைக்கு ஜரிகை மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். சல்மாவின் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ‘தீன்குலச்செல்வி’ என்று போடுவார்கள். மூத்தவளுக்கும் அதுதான், இளையவளுக்கும் அதுதான். படித்ததோ மலாய்ப் பள்ளி. அத்தாவின் கடைக்கு வரும் பத்திரிகையை எழுத்துக்கூட்டித்தான் தமிழ் கற்றாள்.

ஐந்து கல்யாணம் அப்படியே ஓடிவிட்டது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது கல்யாணம் நாகமணியுடையது.

தஞ்சோங் காராங் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த ரெங்கசாமியின் மகள் நாகமணி. டேப் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெங்கசாமியும் அவர் மனைவி தாயம்மாவும் மாடிப்படி ஏறி வந்தார்கள். டேப்பை மேசைமேல் வைத்துவிட்டு ரெங்கசாமி உட்காராமல் நின்றார். வேலையாட்களை விரட்டிப் பழகிய குரல் அவருடையது. அன்றைக்கு அது எழும்பவில்லை.

“தங்கச்சி, எழுத்துப் போட்டது நீதானே?”

“ஆமாங்கய்யா. நல்லா இல்லீங்களா?”

“நல்லாத்தான் இருக்கு. திருநிறைச்செல்வின்னு போட்டிருக்கியே, அதுக்கு அர்த்தம் என்னான்னு தெரியுமா?”

சல்மா விழித்தாள்.

“திருவளர்னு போட்டா, பின்னால கட்டிக் குடுக்க வீட்டுல இன்னும் புள்ள இருக்குன்னு அர்த்தம். திருநிறைன்னா இதோட நெறஞ்சு போச்சு, இவதான் கடைசின்னு அர்த்தம். எனக்கு நாகமணிக்குப் பின்னால இன்னொரு பொண்ணு இருக்குமா.”

“அதுக்கென்னங்கய்யா, மாத்திக் குடுத்துர்றேன்” என்று சல்மா சொல்லி முடிப்பதற்குள் தாயம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஓர் எழுத்துப் பிழைக்கு இத்தனை அழுகையா என்று சல்மா திகைத்துப்போனாள்.

கதையைத் தாயம்மாதான் சொன்னாள். இளைய மகள் வள்ளியம்மா அவள் பெற்ற பிள்ளை இல்லை. சுங்கை பஞ்சாங் பக்கத்தில் ஒரு சீனக் குடும்பத்தில் ஐந்து பெண்களுக்குப் பிறகு ஆறாவதும் பெண்ணாகப் பிறக்க, இருபதாம் நாள் துண்டில் சுற்றி இவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் அது புதுமையும் இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில், நாலு லயத்துக்கு ஒரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை வளர்ந்தது.

“நாகமணிக்கு அப்ப ஒன்ற வயசு, பால மறக்கல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குடிச்சாளுங்க. பத்தொம்பது வருசமா ஒரு நாளு நான் வித்தியாசம் பாத்ததில்லம்மா.”

வீடியோ வந்த அன்றைக்கு லயமே மண்டோர் வீட்டில் கூடியிருந்தது. வள்ளியம்மா எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்து வந்து நின்றது. பக்கத்து வீட்டு இருசப்பன் பெண்டாட்டிக்குப் படிக்கத் தெரியும். படிக்கத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளவும் ஆசை. அவள் சத்தமாகப் படித்துவிட்டு, “அப்ப மண்டோருக்கு நாகமணியோட சரியா? நான் வள்ளியையும் சேத்துல்ல கணக்குப் பண்ணி வச்சிருந்தேன்” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். வள்ளியம்மா மிச்சக் காப்பியையும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். விடிந்ததும், ஷா ஆலம் நகரத்து ஆலையில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், கிடைத்துவிட்டது, அங்கேயே தங்கிக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை போகிறேன், இனி லீவுக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

“கடைக்காரங்க தப்புன்னு சொன்னேன்” என்றார் ரெங்கசாமி. “நீங்க என்னாப்பா எழுதிக் குடுத்தீங்கன்னு ஒரே கேள்விதான் கேட்டா. நான் எங்க எழுதிக் குடுத்தேன்? ஒங்கண்ணன்கிட்ட, வழக்கமா போடுறத போட்டுருங்க தம்பின்னு சொன்னேன். அதத்தான் சொன்னேன் அவகிட்ட. அதுக்கப்பறம் அவ பேசவே இல்ல.”

வியாழக்கிழமை சாயங்காலம் டேப்பை வாங்கிக்கொள்ளும்படி சல்மா சொன்னாள். அவர்கள் இறங்கிப் போன பிறகு அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே பயமும். சமயம் தெரியாத பெண் எழுத்துப் போடுகிறாள் என்று ஒரு தோட்டத்தில் பேச்சுக் கிளம்பினால் போதும், அடுத்த தோட்டத்தில் அண்ணனைப் பந்தலுக்குள் விடமாட்டார்கள்.

அன்றைக்கே உட்கார்ந்து ‘வளர்’ வரைந்தாள். வேலை சுலபம் என்றுதான் நினைத்தாள். கேமராவில் எடுத்த மூல டேப்பைப் போட்டு, அதன்மேல் சரியான எழுத்தைச் சேர்த்தால் முடிந்தது.

“நானா, மண்டோர் வீட்டு ஒரிஜினல் எங்கே?”

சேக் பரீது தலையைச் சொறிந்தான். “கெர்லிங் தோட்டத்துக் கல்யாணத்துக்கு டேப் பத்தல புள்ளே. அதுமேலதான் எடுத்தேன்.”

ஆக மிச்சம் இருப்பது எழுத்து ஏறிய டேப் மட்டும். பாலில் கலந்த தண்ணீரைப் போல, படத்தோடு சேர்ந்த எழுத்தை இனிப் பிரிக்க முடியாது. ஒரே வழிதான் இருந்தது. ‘நிறை’ என்ற இரண்டு எழுத்தின்மேல் மட்டும் ஒரு சிவப்புப் பட்டையைப் போட்டு மறைத்து, பட்டையின்மேல் ‘வளர்’ என்று எழுதவேண்டும். பழைய எழுத்து வழுக்கி வரும்போது பட்டையும் அதே வேகத்தில் கூடவே வழுக்கி வரவேண்டும். கொஞ்சம் பிந்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். திங்கள் முழுக்க, செவ்வாய் முழுக்க வினாடியைப் பத்தாகவும் இருபதாகவும் பிரித்துச் சரிபார்த்து, செவ்வாய் சாயங்காலம் இரண்டையும் ஒன்றாக ஓடவைத்தாள். திருவளர்ச்செல்வி நாகமணி. பிசிறு இல்லை. சல்மாவுக்குத் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுபடி ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் பட்டைக்குக் கீழே இரண்டு கைகள் ஒரு விளக்குத் தட்டைப் பிடித்திருப்பதைக் கவனித்தாள். பழைய டேப்பைப் போட்டாள். கோயில் மண்டப வாசலில் நாகமணி நிற்கிறாள். அவளுக்கு அரை அடி முன்னால், அவளைவிடக் குட்டையாக, தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். எழுத்து வந்து அவள் முகத்தின் குறுக்கே நிற்கிறது. ‘நி’க்கும் ‘றை’க்கும் நடுவில் இரண்டு கண்களும் மூக்கும் நெற்றிப் பொட்டும் தெளிவாகத் தெரிகின்றன. சீன முகம்.

“இதுதான் வள்ளியம்மாவா?”

அண்ணன் எட்டிப் பார்த்தான். “ஐயோ, இது தங்கச்சியா? கூடப் படிச்ச சீனத் தோழின்னுல்ல நெனச்சேன். நடுவுல நடுவுல வந்து நின்னுச்சு. அதனாலதான் கேமராவத் திருப்பித் திருப்பிப் புடிச்சேன்.”

சல்மா மூன்று மணி நேர டேப்பையும் ஓட்டிப் பார்த்தாள். குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டபோது வள்ளியம்மா பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு தெரிகிறது. வேறோர் இடத்தில் வளையல் போட்ட கை. இன்னோரிடத்தில் பின்னல். முகம் தெரிவது அந்த எட்டு வினாடி மட்டும். பட்டையைச் சின்னதாக்கினால் ‘றை’யின் கொம்பு எட்டிப் பார்த்தது. அந்தத் துண்டையே வெட்டி எறிந்தால் முகமும் அதோடு போகும். அவளைச் சேர்க்கிற எழுத்து வந்தால் அவள் இருக்கமாட்டாள். அவள் இருந்தால், அவள் இல்லை என்கிற எழுத்தும் இருக்கும். புதன்கிழமை முழுக்கப் பட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துச் சல்மா சோர்ந்துபோனாள்.

வியாழன் மதியம் கீழேயிருந்து அத்தா குரல் கொடுத்தார். “சல்மா, ஒரு சீனப் பொண்ணு மேல வருது. மலாய்ல பேசு.”

படியேறி வந்தவளைப் பார்த்ததும் சல்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள்.

“வள்ளியம்மாதானே? உக்காரும்மா.”

“ஒக்கார வரலக்கா. நாளைக்கு ஷா ஆலம் போறேன். பெட்டி வாங்க வந்தேன், அப்படியே சொல்லிட்டுப் போலாம்னு. அந்த எழுத்த மாத்த வேணாம். போட்டது போட்டதாவே இருக்கட்டும்.”

“தப்பு என்னோடதும்மா. அந்த எழுத்த வரைய எனக்கு ரெண்டர நாளு ஆச்சு. சோம்பேறித்தனத்துல எல்லாருக்கும் அதையே போட்டுட்டேன். உங்கப்பாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“தெரியும்க்கா. அவருக்குச் சம்பந்தம் இல்லாமப் போனதுதான் எனக்கு வருத்தமே. கல்யாண நோட்டீஸுக்கு அக்கா பேரு, மாப்ள பேரு, தாத்தா பேரு எல்லாம் பாத்துப் பாத்து எழுதினாரு. வீடியோ எழுத்துக்கு மட்டும் வழக்கமா போடுறத போடுங்கன்னுட்டாரு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அந்த நேரத்துல என் நெனப்பு வரல, அவ்ளோதான். வேணும்னு செஞ்சிருந்தாகூடச் சண்ட போடலாம்.”

சல்மா திரையைத் திருப்பி இரண்டு டேப்பையும் போட்டுக் காட்டினாள். முதலில் பழையது, பிறகு சிவப்புப் பட்டை போட்டது. எதனால் இப்படி ஆகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

வள்ளியம்மா பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

“இதுவே இருக்கட்டும்க்கா.”

“உன் முகம் தெரியாதேம்மா.”

“இந்த மூஞ்சினாலதானே எல்லாம். பஸ்ஸுல டிக்கெட்டுக்காரரு எங்கிட்ட மட்டும் சீனத்துல கேப்பாரு. கீழ ஒங்கத்தா கூட மலாய்ல பேசச் சொன்னாரு, கேட்டுச்சு. எழுத்துக்கு மூஞ்சி கெடையாது பாருங்க. அதுல திருவளர்னு இருந்தா, படிக்கிறவங்க மண்டோருக்கு இன்னொரு பொண்ணு இருக்குன்னு மட்டும் நெனப்பாங்க. அது போதும். அதுக்காகப் போகாம இருக்கமாட்டேன். இருந்தாலும் இருக்கட்டும்.”

சல்மாவுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்துப் பின்னால் அவள் கூசிப்போனாள். ஆனால் அந்த நேரத்தில் தோன்றியது என்னவோ, நல்லவேளை, கடை பெயர் தப்பித்தது என்பதுதான். டேப்பை உறைக்குள் போடக் கை நீட்டும்போது படியில் செருப்புச் சத்தம். சாயங்காலம் வரவேண்டிய ரெங்கசாமி மதியமே வந்துவிட்டார். மகளை அங்கே பார்த்ததும் பார்வையை விலக்கிக்கொண்டார். சல்மாவைப் பார்த்து, “ஆச்சாம்மா?” என்றார்.

“ஆச்சுங்கய்யா. பாருங்க.”

ரெங்கசாமி திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். எழுத்து வந்து நின்றது. உதடு அசையப் படித்தார். எட்டு வினாடி முடிந்தது.

“இன்னொருக்கா போடு.”

போட்டாள்.

“வள்ளி எங்க?”

“எழுத்து சரியா இருக்குங்களாய்யா?”

“எழுத்து கெடக்குது. வள்ளி எங்கம்மா? நாகமணிக்கு முன்னால தட்டப் புடிச்சிக்கிட்டு நிப்பாளே, இந்த எடத்துலதானே? கை இருக்கு. ஆளக் காணோம்.”

சல்மா பட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை காணாமல்போயிருந்த மண்டோர் குரல் இப்போது வந்துவிட்டது. கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

“எடு அத! இப்பவே எடு! எழுத்து தப்பா இருந்தா நான் பதில் சொல்லிக்கிறேன். எம்பொண்ணு மூஞ்சியில சாயத்தப் பூசி வச்சிருக்கியே, இத எங்க கொண்டுபோயி நான் காட்டுவேன்? அந்தப் பழைய டேப்பக் குடு!”

“நான்தான்ப்பா மறைக்கச் சொன்னேன்” என்றாள் வள்ளியம்மா.

ரெங்கசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். “நீ யாரு அதச் சொல்றதுக்கு?” என்று கத்தினார். குரல் உடைந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“எழுதிக் குடுக்கல. தப்புதான். எனக்குத் தோணல. நீ வீட்டுலயே இருக்க, ஒன்ன எதுக்குத் தனியா எழுதணும்னு இருந்துட்டேன். வேற என்னா சொல்றது எனக்குத் தெரியல.”

வள்ளியம்மா எழுந்து போகவில்லை. அவள் அழுகிறாள் என்பதைச் சல்மா கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தாள்.

கேட்கக்கூடாத நேரத்தில் சல்மா கேட்டாள், “ஐயா, அப்ப தப்பான எழுத்து அப்படியே இருக்குமே? பாக்கிறவங்க எங்க கடையத்தானே…”

“இருக்கட்டும்லா” என்றார் ரெங்கசாமி. பழைய டேப்பை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார். வள்ளியம்மா பின்னாலேயே போனாள். சல்மா சன்னல் வழியாகப் பார்த்தாள். மோட்டார் சைக்கிளின் பின்னால், புதுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை வள்ளியம்மா மறுபடி வந்தாள். ஆலையில் சேர்ந்துவிட்டாளாம். ஷா ஆலமிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியாம். கோலசிலாங்கூரில் அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்ததாம். வீட்டுக்கு வந்திருக்கிற நாகமணிக்கும் தாயம்மாவுக்கும் ரொட்டி வாங்கியிருந்தாள்.

“லீவுக்கும் வரமாட்டேன்னு சொன்னியாமே?” என்றாள் சல்மா.

“சொன்னேன். ஒங்கள ஒன்னு கேக்கணும்க்கா. எங்கப்பா மேல கோவம் இல்லியே? அன்னிக்கி வீட்டுக்குப் போனதும் லயத்துல எல்லாரையும் கூப்புட்டு டேப்ப மறுபடி போட்டாருக்கா. யாரும் வரமாட்டேன்னு சொல்ல முடியல, மண்டோராச்சே. எழுத்து வந்ததும் படத்த அப்படியே நிறுத்திட்டாரு. இருசப்பண்ணன் பொண்டாட்டிய எழுந்து படிக்கச் சொன்னாரு. அவுங்க படிச்சாங்க. டிவி பக்கத்துல நின்னு, வெரல எழுத்துமேல வச்சி, ‘இது வீடியோக் கடைப் பொண்ணு செஞ்ச தப்பு’ன்னாரு.”

சல்மாவுக்கு முகம் சுட்டது. எது நடக்கக்கூடாது என்று பயந்தாளோ அது நடந்துவிட்டது. இனி அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு கல்யாணமும் வராது என்பது நிச்சயம்.

“அவ்ளோதானா?” என்றாள்.

“இல்லக்கா. அப்பறம் வெரலக் கொஞ்சம் நகத்தி, என் மூஞ்சிமேல வச்சி, ‘இது எம்பொண்ணு’ன்னாரு. அதுக்கு மேல அவருக்குப் பேச வரல. வெரலையும் எடுக்கல. படம் ஆடிக்கிட்டே நின்னுச்சு. மெஷினு கெட்டுப்போவுது, விடுங்கன்னு அம்மா வந்து திட்டுற வரைக்கும் அப்படியே நின்னாரு.”